வாரியம் வாங்கிய காற்று



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்தில் கேட்டார்கள். ஹாஸ்டல் கதை, மெஸ் கதை எழுத நம்மில் ஆட்கள் நிறைய இருக்காங்க. அதனால் நான் நம்ம ஊர்ப் பக்கத்து வரலாறு ஒன்றை எழுதுகிறேன். இதில் ராஜாவும் இல்லை, போரும் இல்லை. அரசாங்கம் ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கிய கதை இது. ஆனால் அந்தக் கொள்முதலால் ஒரு தொழிலே பிறந்தது.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போகாதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. வள்ளியூர் தாண்டி பணகுடி, காவல்கிணறு வந்துவிட்டால் இரண்டு பக்கமும் காத்தாடிக் காடுதான். வெளியூர் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போனால் 'எப்படி இவ்வளவு?' என்று கேட்பார்கள். 'இங்க காத்து ஜாஸ்தி' என்று சொல்லிவிடுவோம். அந்தப் பதில் பாதிதான் சரி. காத்து ராமர் காலத்திலிருந்தே அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. காத்தாடி வந்தது 1986-க்குப் பிறகு. இடையில் என்ன நடந்தது என்பதுதான் விஷயம்.

காத்து இருந்தது, கணக்கு இல்லை

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீளமான மதில் சுவர். தென்மேற்குப் பருவக்காற்று அதில் வந்து மோதும்போது, சுவரில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே நெருக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே வரும். ஆரல்வாய்மொழிக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், அதற்கு வடக்கே பாலக்காட்டுக் கணவாய் மூன்றும் அப்படிப்பட்ட வாசல்கள். ஆனி, ஆடி, ஆவணியில் நம்ம ஊரில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும். இது மெக்கானிக்கல் தம்பிகளுக்குத் தெரிந்த கணக்கு. ஆகவே 'நல்லாக் காத்தடிக்குது' என்பதை நம்பி யாரும் பணம் போட முடியாது. எந்த உயரத்தில், எந்த மாதத்தில், என்ன வேகம் என்று எண்கள் வேண்டும். அந்த எண்களைத் தேடியவர்களில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அன்னா மணி. பீர்மேட்டில் 1918-ல் பிறந்தவர், சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தவர், இந்திய வானிலைத் துறையில் உயர்பதவியில் இருந்து 1976-ல் ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு பெங்களூரில் இருந்துகொண்டு, நாடு முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் காற்றை அளக்கும் வேலையை அந்த அம்மா நடத்தினார்கள். அதன் முடிவுகள் தொகுதி தொகுதியாக அச்சில் வந்தன. இதற்கெல்லாம் ஆன செலவு அரசாங்கப் பணம். நன்கு கவனியுங்கள், அரசாங்கம் முதலில் வாங்கியது காத்தாடியை இல்லை, தகவலை.

முதல் வாடிக்கையாளர்

தாமிரபரணியில் பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-ல் ஓட ஆரம்பித்தது. அணை, குழாய், டர்பைன் எல்லாம் அரசினுடையது. தண்ணீரில் கரண்டு எடுக்கும்போது அரசே முதலாளி. காற்றிலும் ஆரம்பம் அப்படித்தான் இருந்தது. 1986-ல் தமிழ்நாடு மின்சார வாரியம் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் முதல் காற்றாலைப் பண்ணையை அமைத்தது. அந்த வருஷம் அக்டோபரில்தான் திருநெல்வேலியைப் பிரித்து தூத்துக்குடி மாவட்டம் உண்டாக்கினார்கள். முள்ளக்காட்டில் நிறுவியவை 55 கிலோவாட் மெஷின்கள். இன்று ஒரே காத்தாடி 2,000, 3,000 கிலோவாட் கொடுக்கும் காலத்தில் அவை பொம்மை மாதிரித் தெரியும்.

பிறகு 1990 வாக்கில் டென்மார்க் அரசின் டானிடா உதவியோடு கயத்தாறில் 6 மெகாவாட், முப்பந்தலில் 4 மெகாவாட் வந்தது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்றே நமக்குத் தெரிந்திருந்த கயத்தாறு, காற்றாலைக்காரர்கள் வாயில் வேறு விதமாக அடிபட ஆரம்பித்தது அப்போதுதான். வாரியம் நிறுவிய இந்த மாதிரிப் பண்ணைகளின் மொத்தக் கணக்கு 120 மெஷின், 19.355 மெகாவாட்.

மாநிலத்தின் மின் தேவையில் இது கடுகளவு. லாப நஷ்டக் கணக்குப் பார்த்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடத் தயங்குவார். ஆனால் அந்த 120 மெஷினும் வேறு சில பாடங்களைக் கொடுத்தன. கடற்கரை உப்புக் காற்றில் இரும்பு என்ன ஆகும்? தேரி மண்ணும் தூசியும் பறக்கிற இடத்தில் இறக்கை என்ன ஆகும்? கிராமத்து லைன் அடிக்கடி ட்ரிப் ஆனால் மெஷின் தாங்குமா? ஐரோப்பாவின் லைனுக்காகச் செய்த ஜெனரேட்டர் நம்ம லைனில் எவ்வளவு ரியாக்டிவ் பவரை இழுக்கும்? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடிச் செலவு செய்ய எந்தத் தனியார் முதலாளியும் 1986-ல் முன்வந்திருக்க மாட்டார். முதல் ஆளாக வாங்குகிறவன்தான் அந்தக் கஷ்டத்தைப் படவேண்டும். அந்த முதல் ஆளாக வாரியம் நின்றது.

அதன்பின் வாரியம் செய்த வேலைதான் முக்கியமானது. மெஷினை நாமே வாங்கிக்கொண்டிருப்பதை விட, மெஷின் போடுகிறவனிடம் யூனிட்டை வாங்குவோம் என்ற முடிவுக்கு வந்தது. மத்திய மரபுசாரா எரிசக்தி அமைச்சகம் 1993-ல் வழிகாட்டு விலை ஒன்றைச் சொன்னது: யூனிட்டுக்கு ரூ.2.25, வருஷத்துக்கு 5 சதவீதம் உயர்வு. தமிழ்நாட்டில் அந்த அடிப்படையில் கொள்முதல் நடந்தது. சொந்த மில்லுக்குக் கரண்டு வேண்டுமென்றால் முப்பந்தலில் போட்டு ராஜபாளையத்திலோ கோயம்புத்தூரிலோ எடுத்துக்கொள்ளலாம். வாரியத்தின் லைன் வழியாகக் கொண்டுபோவதற்கு ஆரம்பத்தில் 2 சதவீதம்தான் கூலி.

இதோடு 'பேங்கிங்' என்று ஒரு வசதி. நம்ம ஊர் விவசாயிக்கு இதை எளிதில் விளக்கலாம். அறுப்புக் காலத்தில் நெல்லைப் பத்தாயத்தில் போட்டு வைத்து, வேண்டும்போது எடுத்துக்கொள்கிற மாதிரி, ஆடி மாசக் காற்றில் வந்த யூனிட்டை வாரியத்தின் கணக்கில் போட்டு வைத்து, காற்றில்லாத மாதங்களில் எடுத்துக்கொள்ளலாம். மார்ச் 31-ல் மீதி இருந்தால் வாரியம் குறைந்த விலைக்கு எடுத்துக்கொள்ளும். நாலு மாசம் வீசி எட்டு மாசம் தூங்குகிற ஒரு காற்றை, வருஷம் முழுக்க ஓடுகிற நூற்பாலைக்குப் பொருந்துமாறு செய்தது இந்த ஏற்பாடுதான். மெஷினைக் கண்டுபிடித்தது டென்மார்க்காரன். பத்தாயத்தைக் கண்டுபிடித்தது நம்ம ஆட்கள்.

எதை வாங்கினோம்?

இந்த வரலாற்றில் ஒரு கசப்பான அத்தியாயமும் உண்டு. அதை மறைத்துவிட்டு எழுதினால் இது பாராட்டுப் பத்திரமாகிவிடும்.

வாரியம் யூனிட்டுக்குப் பணம் கொடுத்தது. டெல்லியோ மெஷினுக்குச் சலுகை கொடுத்தது. காற்றாலைக்குப் போட்ட முதல் முழுவதையும் முதல் வருஷத்திலேயே தேய்மானமாக வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அதாவது 100 சதவீதம். ஒரு கம்பெனிக்கு நல்ல லாபம் வந்திருக்கிறது, வரி கட்ட வேண்டும், ஒரு காத்தாடி வாங்கிப் போட்டால் வரி மிச்சம். பணம் கொட்டியது உண்மை. 1994 முதல் 1996 வரை நம்ம பக்கம் திருவிழாதான்.

ஆனால் ஒரு நுணுக்கம் பாருங்கள். முழுச் சலுகை வேண்டுமானால் அந்த நிதியாண்டில் மெஷின் 180 நாளாவது உபயோகத்தில் இருக்க வேண்டும். ஆகவே செப்டம்பர் கடைசிக்குள் மெஷினை ஓட்டிக் காட்ட அவசரம். அது தவறினால் பாதிச் சலுகைக்காக மார்ச் கடைசியில் அவசரம். செப்டம்பர் கடைசி என்றால் நம்ம ஊரில் காற்று அடங்கி ஓய்கிற நேரம். மெஷின் நின்றதெல்லாம் வரிக் காலண்டரைப் பார்த்து, காற்றின் காலண்டரைப் பார்த்து இல்லை. இடம் சரியா, கியர்பாக்ஸ் நம்ம வெயிலைத் தாங்குமா என்று கேட்கிற அக்கறை அந்த முறையில் யாருக்கும் கட்டாயம் இல்லை. மெஷின் நின்ற அன்றே பாதி லாபம் கைக்கு வந்தாயிற்று, அப்புறம் அது சுற்றினால் என்ன, சுற்றாவிட்டால் என்ன என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 1996-ல் குறைந்தபட்ச மாற்று வரி வந்ததும் திருவிழா கலைந்துவிட்டது.

டென்மார்க் இதே காலத்துக்கு முன்பே வேறு மாதிரி செய்தது. 1978-ல் ரீசோ என்ற ஊரில் ஒரு சோதனை நிலையம் திறந்தார்கள். 1979-ல் காற்றாலை வாங்குகிறவர்களுக்கு விலையில் 30 சதவீதம் மானியம் கொடுத்தார்கள். ஆனால் ரீசோ பார்த்து ஒப்புதல் கொடுத்த மெஷினுக்கு மட்டும்தான் மானியம். விவசாயக் கருவி செய்துகொண்டிருந்த பட்டறைக்காரர்கள் அந்தப் பரீட்சைக்குப் படித்துப் படித்தே உலகக் கம்பெனிகளாக வளர்ந்தார்கள்.

நாமும் அந்தப் பாடத்தைப் படிக்காமல் விடவில்லை, கொஞ்சம் தாமதமாகப் படித்தோம். 1998-ல் சென்னையில் காற்று சக்தித் தொழில்நுட்ப மையம் (சி-வெட்) ஏற்பட்டது. இன்று அதன் பெயர் தேசிய காற்று சக்தி நிறுவனம். அதன் சோதனை நிலையம் வேறெங்கும் இல்லை, நம்ம கயத்தாறில்தான், டானிடா உதவியோடு வந்தது. மெஷின் சொன்னபடி ஓடுகிறதா என்று அங்கே நிறுத்தி அளந்து பார்க்கலாம். முதலாண்டுத் தேய்மானச் சலுகை 2002-ல் 80 சதவீதமாக இறங்கியது. 2009-ல் மத்திய அரசு, அந்தச் சலுகையை எடுக்காதவர்களுக்கு உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 பைசா ஊக்கத்தொகை என்று அறிவித்தது. 'நிறுத்தினால் காசு' என்பது 'சுற்றினால் காசு' என்று மாற இவ்வளவு வருஷம் பிடித்தது.

ரோட்டுக்கு மேற்கே

பணகுடியில் நின்று மேற்கே திரும்பினால் மகேந்திரகிரி. அந்த மலையடிவாரத்தில் இஸ்ரோவின் ராக்கெட் இன்ஜின் சோதனை வளாகம் இருக்கிறது. ஒரே ரோட்டின் ஓரத்தில் அரசுக் கொள்முதலின் இரண்டு பள்ளிக்கூடங்கள் இருப்பதை நாம் யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை.

திரவ எரிபொருள் இன்ஜின் தொழில்நுட்பத்துக்காக 1974-ல் பிரான்சு நாட்டின் எஸ்.இ.பி. நிறுவனத்தோடு இஸ்ரோ ஒப்பந்தம் செய்தது. காசுக்குப் பதிலாக நம் இன்ஜினியர்கள் அங்கே போய் உழைத்தார்கள், அதற்கு ஈடாகத் தொழில்நுட்பம் வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் விகாஸ் இன்ஜின். அதைச் செய்துகொடுக்கும் பொறுப்பு மும்பை கோத்ரெஜ், ஹைதராபாத் எம்.டி.ஏ.ஆர். போன்ற கம்பெனிகளுக்குப் போனது. வேறு யாரும் கேட்காத ஒரு பொருளை, ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக, வருஷத்துக்குச் சில எண்ணிக்கை மட்டும் செய்ய ஒரு கம்பெனி ஏன் சம்மதிக்க வேண்டும்? வாங்குகிறவன் வரைபடம் தருகிறான், தவறு வந்தால் கூட உட்கார்ந்து திருத்துகிறான், எரித்துச் சோதித்துப் பார்க்க மகேந்திரகிரி இருக்கிறது, அடுத்த வருஷமும் வாங்குவான் என்ற நம்பிக்கை இருக்கிறது. 2023-ல் சந்திரயான்-3-ஐச் சுமந்துபோன ராக்கெட்டின் நடுப்பகுதியில் இரண்டு விகாஸ் இன்ஜின் இருந்தது. 2022-ல் ஐந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுகளை முழுசாகவே செய்துதர எச்.ஏ.எல். - எல் அண்ட் டி கூட்டணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். நட்டு போல்ட்டில் ஆரம்பித்த கொள்முதல் முழு ராக்கெட் வரை வந்துவிட்டது.

உலகத்திலும் இதே கதைதான். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் செல்போனின் மூதாதையான ஐ.சி. சில்லுக்கு 1962-ல் அமெரிக்காவில் விலை சுமார் 50 டாலர். வாங்கியது கிட்டத்தட்ட ராணுவமும் விண்வெளித் துறையும் மட்டும்தான். அவர்கள் வாங்கி வாங்கி, செய்கிறவனின் கை பழகி, 1968-ல் விலை சுமார் 2 டாலருக்கு இறங்கியது. விலை இறங்க இறங்கத்தான் ரேடியோக்காரனும் கால்குலேட்டர்காரனும் வாங்க வந்தார்கள்.

ஏலமும் பாக்கியும்

மறுபடி காத்தாடிக்கு வருவோம். தமிழ்நாட்டின் காற்று மின் திறன் இன்று 10,000 மெகாவாட்டுக்கு மேல். முள்ளக்காட்டின் 55 கிலோவாட் மெஷினை நினைத்துப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்குகிறவன் நல்லவனாக இருந்தால் தொழில் வளரும் என்பது எவ்வளவு உண்மையோ, அவன் கை இறுகினால் தொழில் வாடும் என்பதும் அவ்வளவு உண்மை.

வாரியம் நிதி நெருக்கடியில் விழுந்தபோது காற்றாலைக்காரர்களுக்கு மாதக்கணக்கில் பாக்கி நின்றது. சில காலம் வருஷத்தையும் தாண்டியது. பெரிய கம்பெனி தாங்கும், ஒரே ஒரு மெஷினைக் கடன் வாங்கிப் போட்டவர் தாங்குவாரா? தாமதக் கட்டணம் பற்றிய மத்திய அரசு விதிகள் கடுமையானது 2022-ல்தான்.

விலையும் மாறியது. 2016-ல் தமிழ்நாடு ஒழுங்குமுறை ஆணையம் குறித்த விலை யூனிட்டுக்கு ரூ.4.16. 2017 பிப்ரவரியில் முதன்முறையாக நாட்டளவில் ஏலம் நடந்து ரூ.3.46-க்கு இறங்கியது. அதே வருஷம் டிசம்பரில் குஜராத்தில் ரூ.2.43. மக்களுக்கு மலிவாகக் கரண்டு கிடைப்பது நல்லதுதான், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் 2016-17-ல் நாடு முழுக்கச் சுமார் 5,500 மெகாவாட் காற்றாலை வந்த இடத்தில், அடுத்த வருஷம் 2,000 கூட வரவில்லை. விலை மட்டும் பார்த்து வாங்கினால் வெல்பவர் பெரியவராகத்தான் இருப்பார். புது யோசனையோடு வருகிற சின்னவருக்கு அங்கே நாற்காலி கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. நல்ல காற்றுள்ள இடங்களில் எல்லாம் அந்தக் காலத்துச் சின்ன மெஷின்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. முன்னால் வந்ததால் நமக்குக் கிடைத்த பெருமையும் அதுதான், தொல்லையும் அதுதான். பழையவற்றைக் கழற்றிப் புதிதாக நிறுவவும் புதுப்பிக்கவும் 2024-ல் மாநில அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. அதில் எந்த நிபந்தனைக்கு எந்த விலை என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த முப்பது வருஷம் இருக்கும்.

நம்ம பங்கு

இதையெல்லாம் நம் மலரில் ஏன் எழுதுகிறேன் என்றால், இந்தக் கதையின் இரண்டு முனையிலும் நம் கல்லூரி ஆட்கள் இருக்கிறார்கள். ஒரு முனையில், மின்வாரியத்திலும் பொதுப்பணித் துறையிலும் ரயில்வேயிலும் மாநகராட்சியிலும் டெண்டர் தயார் செய்கிற மேசையில் நம்ம அண்ணன்மார், அக்காமார் உட்கார்ந்திருக்கிறார்கள். மறுமுனையில், லேபில் எதையாவது செய்துகொண்டு 'இதை யாரு வாங்குவா?' என்று யோசிக்கிற தம்பி தங்கைகள்.

ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். தாமிரபரணியில் கன்னடியன், மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று அணைக்கட்டுகள் இருக்கின்றன. கால்வாயில் இந்த நிமிஷம் எவ்வளவு தண்ணீர் போகிறது, கடைமடைக்கு எவ்வளவு சேருகிறது என்று காட்டும் ஒரு மலிவான கருவியை நம் மாணவர் ஒருவர் செய்துவிட்டார். துறை என்ன கேட்கும்? 'கடந்த மூன்று வருஷத்தில் இதேபோன்ற வேலை செய்த அனுபவம் உண்டா? ஆண்டு விற்றுமுதல் எவ்வளவு?' புதுப் பொருளுக்குப் பழைய அனுபவம் எங்கிருந்து வரும்? முள்ளக்காட்டில் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் முதல் காத்தாடி நின்றிருக்காது.

அதிகாரிகளின் கஷ்டமும் எனக்குப் புரிகிறது. 1998-ன் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் முறைகேட்டைத் தடுக்க வந்தது. குறைந்த விலைக்காரரை விட்டுவிட்டு வேறு ஒருவருக்குக் கொடுத்தால் ஆடிட் வரும், பென்ஷன் நேரத்தில் கடிதம் வரும். பயம் நியாயமானதே. ஆனால் விதிக்குள்ளேயே இடம் இருக்கிறது. மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள், தரத்தில் குறை வராத பட்சத்தில் புதுத் தொழில்முனைவோருக்கு முன் அனுபவம், விற்றுமுதல் நிபந்தனைகளைத் தளர்த்தலாம் என்கின்றன. ராணுவத்தில் 2018-ல் வந்த ஐடெக்ஸ் திட்டம், தேவையைச் சொல்லி, மாதிரி செய்யப் பணம் கொடுத்து, சரியாக வந்தால் வாங்குகிறது. கதவு திறந்துதான் இருக்கிறது, தள்ள ஒரு கை வேண்டும்.

நம்ம பக்கத்து வரலாறு சொல்லும் பாடத்தை நான் மூன்றாகச் சுருக்குகிறேன். ஒன்று, பொருளை வாங்காதே, பலனை வாங்கு. கால்வாய்க் கருவி விஷயத்தில், பெட்டிக்குக் காசு வேண்டாம், ஒரு பருவம் முழுக்கச் சரியாக அளந்து கொடுத்த கணக்குக்குக் காசு. இரண்டு, நம்ம மண்ணிலேயே சோதித்துப் பார்க்க ஒரு கயத்தாறு வேண்டும். அந்த வேலையை நம் கல்லூரி லேப்களே ஏன் செய்யக்கூடாது? மூன்று, வாங்கினால் நேரத்துக்குப் பணம் கொடு. முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது தவறினாலும் சின்னவன் செத்துப்போவான்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு நாள், அரசுத் துறைகளில் இருக்கும் நம் பழைய மாணவர்களைக் கூட்டி, 'எங்க ஆபீஸில் தீராத தலைவலி இது' என்று தலைக்கு ஒன்று எழுதிக் கொடுக்கச் சொல்வோம். அந்தப் பட்டியலைக் கடைசி வருஷ மாணவர்கள் கையில் புராஜெக்டாகக் கொடுப்போம். வாங்குகிறவனின் தேவை முன்கூட்டியே தெரிந்தால், செய்கிறவனின் பாதி வேலை முடிந்த மாதிரி. பத்துப் புராஜெக்டில் ஒன்பது ஷெல்ப்பில் தூங்கலாம். ஒன்று கால்வாய்க் கரையில் நின்று வேலை செய்தால் போதும்.

அடுத்த தடவை பணகுடி தாண்டும்போது காத்தாடியைப் பார்த்து எண்ணிக்கொண்டு போகிற பிள்ளைகளிடம், இதை முதன்முதலில் காசு கொடுத்து வாங்கியது யார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!